நுரைக்கிண்ணம்

இன்பமணியின் மீன் வண்டி வந்து நின்றதும் பெருமாள்புரத்து அந்தத் தெருவில் இரண்டு மூன்று ஜன்னல்கள் திறந்து மூடும். நல்ல சைவ வீட்டு வாசலில், அதுவும் விளக்குக் கழுவி வைக்கிற வெள்ளிக்கிழமைக் காலையில், உவரியிலிருந்து வருகிற மீன் வண்டி நிற்பதைத் தெரு இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டிகளில் இருக்கும் சாளையும் அயிலையும் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகிறவை. அவற்றுக்கு இடையில் செருகி வைத்திருக்கும் நீலக் கேன்கள்தாம் சங்கரியின் வீட்டுக்கு. அவற்றில் இருப்பது வெறும் கடல் தண்ணீர்.

இன்பமணி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கேன்களை இரண்டிரண்டாகத் தூக்கி வந்து பட்டாசல் கூடத்தில் வைத்தான். அங்கே சுவரை ஒட்டி, ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதற்கு எதிரே சக்கர நாற்காலியில் சங்கரியின் கணவர் கோமதிசங்கர் உட்கார்ந்திருந்தார்.

"சார், நல்லா இருக்கியளா?"

"சரிதான்" என்றார் அவர்.

இன்பமணி குனிந்து தொட்டிக்குள் பார்த்தான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, இங்கன கொஞ்சம் வாங்க. மஞ்சக்குட்டி கெடக்குது பாருங்க."

சங்கரி ஈரக் கையோடு வந்தாள். உள்ளங்கை அகல மஞ்சள் மீன், தண்ணீர் வழிந்து இறங்குகிற மூலைச் சல்லடையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மஞ்சள் வெளுத்துப் பழைய துணி நிறத்துக்கு வந்திருந்தது.

அப்போதுதான் காலையில் நடந்தது அவளுக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து அவர் "சரிதான், சரிதான்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுக்குப் போகவேண்டும்போல என்று கூட்டிப்போனாள். காப்பி கேட்கிறார் என்று ஆற்றிக் கொடுத்தாள். வேர்க்கிறதாக்கும் என்று மின்விசிறியைக் கூட்டினாள். கடைசியில் வேட்டியை மாற்றிவிட்டு, "இன்னைக்கி என்ன ஆச்சி உங்களுக்கு?" என்று சலித்துக்கொண்டு துவைக்கப் போய்விட்டாள். அவ்வளவு நேரமும் அவர் கண்முன்னால் அந்த மீன் செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இதத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.

"எதக்கா?"

"ஒண்ணுமில்ல."

இன்பமணி தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தான். "தண்ணி ஒரு மாதிரி மஞ்சளாத் தெரியுது. நான் கர ஓரத்துல எடுக்கலக்கா, மாதா சத்தியமா. வள்ளத்துல உள்ள போயி மோந்தது. சார் இருந்தா வாசனைய வச்சே சொல்லிருவாரு." சொல்லிவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உனக்குத் தெரியாதா? கடல்காரந்தான நீ?"

"எனக்கு மீனச் செத்தப்பொறவுதான்க்கா தெரியும். உசுரோட வச்சி வளக்குதது எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது" என்றான் இன்பமணி. காலி கேன்களை எடுத்துக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி, "சார், வாரேன்" என்றான்.

"சரிதான்" என்றார் கோமதிசங்கர்.

அவர் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர். சீவலப்பேரியிலிருந்து ஏரல் வரைக்கும் தாமிரவருணிக் கரையில் எந்த உறைகிணற்றில் எந்த மாதம் எவ்வளவு ஊறும் என்பது அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்றபின் என்ன தோன்றியதோ, வீட்டுக்குள் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். "காலமெல்லாம் நல்ல தண்ணியக் கட்டி மேச்சிட்டு, இப்ப உப்புத் தண்ணிக்கு வந்திருக்காராம்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அவர்களோடு சண்டைக்குப் போனார். சண்டை போடுவது அவருக்குச் சாப்பாடு மாதிரி. டிவியில் செய்தி படிக்கிறவளோடு போடுவார், காய்கறிக்காரரோடு போடுவார், தண்ணீர் மங்கலாக இருக்கிறது என்று இன்பமணியோடு போடுவார். வீட்டில் யாரும் கிடைக்காவிட்டால் சங்கரி இருக்கவே இருக்கிறாள். அவர் அவளுடைய அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய சண்டை அது. பூரியா தோசையா என்பதில் தொடங்கி எங்கோ போய் முடியும்.

போன ஐப்பசியில், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கியிருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "சில பேருக்கு இப்படித்தான் ஒத்த வார்த்த நிக்கும்மா. நாம சொல்லுதது எல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைக்கிறதுதான் அந்த ஒண்ணா வெளிய வரும்" என்றாள்.

அதுவும் எந்தச் சொல்? அறுபத்து மூன்று வயது வரைக்கும் யார் எதைச் சொன்னாலும் சரிதான் என்று ஒத்துக்கொள்ளாத மனிதருக்குச் சரிதான் என்ற சொல்தான் மிச்சம். சோறு வேண்டுமென்றாலும் சரிதான், வேண்டாமென்றாலும் சரிதான். முதுகு வலித்தாலும் அதுதான்.

சங்கரி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். நாள் முழுக்கப் பேசிப் பழகிய தொண்டை. அவருக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். முதலில் சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் போனில் விசாரித்தார்கள். பங்குனி வெயில் தொடங்கியபோது அதுவும் நின்றுபோயிற்று. ஒருநாள் பால்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது குரல் வராமல் இருமல் வந்தது. முந்தின நாள் முழுக்கத் தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சரிதான் என்று ஒரே பதில் வருகிற இடத்தில் எதைப் போய்க் கேட்பது?

மஞ்சள் மீனைச் செம்பருத்திக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து பெங்களூருக்குப் போன் போட்டாள்.

"நான் அப்பவே சொன்னேம்லாம்மா" என்றாள் மகள் பிரியதர்ஷினி. "அப்பாவப் பாப்பியா, மீனப் பாப்பியா? நாகர்கோயில்ல ஒருத்தர் மீன் கடை வச்சிருக்காரு. பேசுதேன். தொட்டியோட எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருவாரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்லவா?"

"வரச் சொல்லு."

"அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கம்மா."

சங்கரி போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "அத்தான், தொட்டியக் குடுத்துருவமா? மிச்சம் இருக்க மூணும் பொழச்சிக் கெடக்கட்டும்."

"சரிதான்."

"சரிங்காரு" என்று மகளிடம் சொன்னாள்.

மத்தியானம் அவர் மறுபடியும் தொடங்கினார். இந்தத் தடவை இடது கையைத் தூக்கிப் பீரோவைக் காட்டினார். காலையில் நடந்தது மனதில் இருந்ததால் சங்கரி விட்டுவிடவில்லை. பீரோவைத் திறந்து சால்வையை எடுத்தாள். சரிதான். மருந்துப் பெட்டியை எடுத்தாள். சரிதான். அவருடைய வாட்ச், டார்ச் லைட், கல்யாண ஆல்பம், எல்லாம் வெளியே வந்தன. அவர் சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் இறங்கவில்லை. அது பீரோவின் உள்ளே காட்டவில்லை, மேலே காட்டுகிறது என்பது மெல்லத்தான் புரிந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பழைய கொசுவலைக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி, பிரிக்காமல் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் கூரியரில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, எங்கே வைக்க என்று தெரியாமல் மேலே போட்டிருந்தாள்.

கீழே இறக்கித் தூசியைத் தட்டியதும் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் அரிசிப் படி உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழல் இருந்தது. கூடவே ஒரு சின்ன மோட்டார், காற்றுக் குழாய், குறுகிய கழுத்தின் மேல் மாட்டுகிற மூடி போட்ட கிண்ணம். புரோட்டீன் ஸ்கிம்மர் என்று பெட்டியில் போட்டிருந்தது. இதைப் பற்றி அவர் மாதக்கணக்காகப் பிரசங்கம் செய்ததும், தான் காதில் வாங்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. மீன் கழிக்கிறதும், தின்னாமல் விடுகிற தீனியும் தண்ணீரில் கரைந்து அழுகும். அழுகுவதற்கு முன்னாலேயே பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை விட்டால் அழுக்கு குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறும். நுரை கழுத்து வழியாக வந்து கிண்ணத்தில் விழும். கிண்ணத்தைக் கழுவிக் கொட்டிவிடலாம். "பதநீ காச்சும்போது பொங்கி வருத அழுக்க அள்ளி எறியுதாம்லா உடன்குடியில, அது மாதிரி" என்று அவர் சொன்னது மட்டும் அப்படியே நினைவில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி போகப்போகிறது. இதை மாட்டி என்ன பிரயோஜனம் என்று நினைத்தாள். ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பெரிய தொட்டியின் தண்ணீர் மூலை வழியாக இறங்கி, அடியில் உள்ள அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு வந்து, மோட்டாரில் ஏறித் திரும்ப மேலே போகும். ஸ்கிம்மர் அந்தக் கீழ்த்தொட்டியில் நிற்கவேண்டியது. மோட்டாரை மாட்டி உள்ளே இறக்கினாள். நாற்காலிக் கையில் டப்பென்று ஓர் அடி விழுந்தது. திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, அங்கன வேண்டாமா?"

"சரிதான்."

கீழ்த்தொட்டியின் அடுத்த தடுப்புக்குள் நகர்த்தினாள். மறுபடி டப். "அப்பொறம் எங்கதான் வைக்க? தலையிலயா?" என்று கேட்டுக்கொண்டே, அடியில் ஒரு டைல்ஸ் துண்டைக் கொடுத்து உயர்த்தி வைத்தாள். அடி விழவில்லை. காற்றுக் குழாயைச் சொருகியபோது விழுந்தது. பிடுங்கி, தலைகீழாகத் திருப்பிச் சொருகினாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. "நீங்க பேசாம இருங்க, எனக்குப் பாக்கத் தெரியும்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வருத்தம் எதுவும் இல்லை. அவசரம்தான் இருந்தது. வால்வைத் திருப்பச் சொல்லி விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்ஸ்ஸென்று காற்றை உறிஞ்சிக்கொண்டு குழல் முழுக்கப் பால் மாதிரி வெளுத்தது. ஒரு கணம்தான். வெறும் தண்ணீர் கழுத்தில் பொங்கி, கிண்ணம் நிரம்பி, மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்தது. பட்டாசல் முழுக்க உவரித் தண்ணீர். அவள் சாக்கைப் போட்டுத் துடைக்க, அவர் நாற்காலிக் கையைத் தட்ட, அவள் வால்வைத் திறக்க, மறுபடி வழிய, சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரம் தப்பிப்போயிற்று. கடைசியில் குமிழிகள் கழுத்துக்குக் கீழேயே அடங்கி நின்றன.

மறுநாள் காலையில் கழுத்தில் நுரை ஏறியிருந்தது. முதலில் வெள்ளையாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் பழுப்பாகக் கட்டிப்பட்டு, கிண்ணத்துக்குள் மெல்லச் சரிந்து விழுந்தது. கழற்றி மோந்து பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. அவர் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணை மூடி ஆழ மோந்துவிட்டு, "சரிதான்" என்றார். சங்கரி சிரித்துவிட்டாள். சிரித்த சத்தம் யாருடையதோ போலக் கேட்டது.

சாயங்காலம் நுரை செத்துப்போயிற்று.

கழுத்து காலியாக இருந்தது. குழலுக்குள் குமிழிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் மேலே வந்ததும் நுரை கட்டாமல் ஒவ்வொன்றாக உடைந்தன. வால்வைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள். கையை முழங்கைவரை விட்டு மோட்டாரை அசைத்தாள். நாற்காலியில் அடி விழ ஆரம்பித்தது. எதைத் தொட்டாலும் அடி. ஸ்கிம்மரை இடம் மாற்றினாலும் அடி, சும்மா இருந்தாலும் அடி.

"என்ன செய்யச் சொல்லுதிய?" என்று கேட்டாள். "வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"சரிதான். சரிதான். சரிதான்."

அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எது சரி? எல்லாத்துக்கும் சரின்னா நான் எதன்னு எடுத்துக்கிட? ஐப்பசியிலேருந்து இந்த ஒத்த வார்த்தையோட ஒத்தையில கெடந்து சாவுதேன். ஒரு மனுச மக்க எட்டிப் பாக்கல. நான் என்ன சாப்பிட்டேன், எனக்கு எங்க வலிக்கின்னு கேக்க நாதி கெடையாது. மீனு செத்தா எம்மேல பழி. மெசினு நின்னா எம்மேல பழி. பேசாம உங்களக் கொண்டு போயி ஒரு ஹோம்ல சேத்துட்டு, நான் பிரியா வீட்டுக்குப் போயிருதேன். போகட்டுமா? சொல்லுங்க."

"சரிதான்" என்றார் அவர்.

 சங்கரி தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் மணிக்கட்டில் அவருடைய இடது கை பட்டது. அதைப் பிடித்து இழுத்தார். ஆறுதல் சொல்லத்தான் என்று நினைத்துக் கையைக் கொடுத்தாள். அவர் அந்தக் கையைத் தன் மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு, மடியில் துணி மாதிரி கிடந்த தன் வலது கையைத் தூக்கி அவள் மூக்கருகே நீட்டினார்.

தைல வாசனை. சாயங்காலம் சாயங்காலம் அந்தக் கைக்கு அவள் தேய்த்துவிடுகிற வேப்பெண்ணெய்த் தைலம். அன்றைக்கும் தேய்த்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல், நுரைக்கிண்ணத்தைத் திரும்ப மாட்டும்போது தொட்டிக்குள் விட்டிருந்தாள். எண்ணெய் பட்டால் நுரை நிற்குமா? அடுக்களையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், எண்ணெய்ச் சட்டியில் சோப்பு நுரைக்காது.

"இதையா சொன்னிய இவ்வளவு நேரமும்?"

அவர் களைத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் பெயர் இசக்கிமுருகன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. வாசலில் டெம்போவை நிறுத்திவிட்டு, "மகளு போன் பண்ணினாவ. தொட்டிய எடுக்க வந்தேனாக்கும்" என்றார். சங்கரி உள்ளே கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். காப்பி கொண்டுவருகிறேன் என்று அடுக்களைக்குப் போனாள். கணவருக்குப் பேச்சு வராது என்பதைச் சொல்ல மறந்துபோனாள். பாலை அடுப்பில் வைத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் பட்டாசலில் பேச்சு ஆரம்பித்திருந்தது.

"நல்ல தொட்டி கேட்டேளா. கண்ணாடி நல்ல கனம். ஜோடி சேந்த கோமாளி மீனுதானே இது?"

"சரிதான்."

"கண்டாலே தெரியுதே. பொட்டதான் பெருசு. எனக்கக் கடையில ஒரு ஜோடி முட்ட போட்டுது. ஆணு தின்னுபோட்டு. அதுக்கு என்ன செய்ய முடியும் சொல்லுங்கோ."

"சரிதான்."

"ஸ்கிம்மர் புதுசாக்கும். நுரைய காணல்லியே. எண்ணெ கிண்ணெ பட்டுதோ? பட்டா அப்படித்தான். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். தன்னால ஏறும்."

"சரிதான், சரிதான்."

பால் பொங்கியது. சங்கரி அடுப்பை அணைத்தாள். காப்பியைக் கலக்கவில்லை. அடுக்களை மேடையில் கையை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்கிற சத்தம் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. ஒருவர் பேசுவார், இன்னொருவர் பதில் சொல்வார், அப்புறம் இவர் பேசுவார். இசக்கிமுருகன் மண்டபத்துக் கடல் பற்றியும், கரண்ட் போனால் மீன் சாவது பற்றியும், தன் மருமகனைப் பற்றியும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சரிதான் வந்தது. காப்பி ஆறிவிடும் என்று தெரிந்தும் அவள் போகவில்லை. போனால் நின்றுவிடும்.

கடைசியில் டம்ளரோடு வெளியே வந்தபோது இசக்கிமுருகன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்தார்.

"நான் அப்ப எறங்கட்டும். வண்டி சும்மா போவுது, பரவாயில்ல."

"ஏன், தொட்டிய எடுக்கலையா?"

"சாரு தர மாட்டேன்னு சொல்லியாச்சே. மூணு மட்டம் கேட்டுப் பாத்தாச்சு."

சங்கரி அவரையும் தன் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவரு என்ன சொன்னாரு?"

"சரிதான்னு சொன்னாரு."

இசக்கிமுருகன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தொட்டியின் முன் நின்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். வாசலில் செருப்பைப் போடும்போது குரலைத் தணித்து, "சாருக்குக் கொஞ்சம் கோவம் கூடுதலோ?" என்று கேட்டார்.

"கூடுதல்தான்" என்றாள் சங்கரி.

டெம்போ போனபிறகு அவள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தின நாள் சாயங்காலம், ஹோமில் சேர்க்கட்டுமா என்று கேட்டபோது அவர் சொன்ன சரிதான் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். இழுத்துச் சொன்னாரா, சட்டென்று சொன்னாரா? சரி, போ என்றாரா? போகாதே என்றாரா? அவளால் ஞாபகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்த நேரம் அவள் தன் சத்தத்தை மட்டுந்தான் கேட்டிருந்தாள். இன்னொரு தடவை கேட்கவும் பயமாக இருந்தது.

"மத்தியானத்துக்கு என்ன வைக்க?" என்று கேட்டாள். "சொதியா?"

"சரிதான்."

"இல்ல, புளிக்கொழம்பு வைக்கவா?"

"சரிதான்."

இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். முதலாவது கொஞ்சம் நீண்டதுபோல இருந்தது. தேங்காயை உடைத்துத் திருவிப் பால் எடுத்தாள். இஞ்சித் துவையல் அரைத்தாள். சோற்றில் சொதியை விட்டுப் பிசைந்து, ஸ்பூனை அவர் இடது கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல எழுந்து போகாமல் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். ஸ்பூனைத் தட்டில் வைத்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரிதான்" என்றார்.

அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து அவள் கேட்டுப் பழகிய குரல்.

"உப்புக் கம்மியாத்தான் இருக்கும்" என்றாள். "டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும்லா?"

"சரிதான்."

"கத்தாதிய. நானும்தான் உப்பில்லாமத் திங்கேன். எனக்கு மட்டும் எறங்குதா?"

"சரிதான். சரிதான்."

"டாக்டர் என்ன உங்க எதிரியா? அப்பமும் இப்படித்தான், மாத்திரைய ஒழுங்காப் போடுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டியளா?"

"சரிதான்!" என்று அவர் நாற்காலிக் கையை ஓங்கி அடித்தார். அவளும் தரையை அடித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சொதி ஆறிப்போய்த் தட்டில் ஆடை கட்டியது. உப்பில் தொடங்கிய பேச்சு, பிரியாவுக்கு இவ்வளவு தூரத்தில் மாப்பிள்ளை பார்த்தது யார் என்பதுவரை போயிற்று. தொட்டிக்கு அடியில் நுரை பழையபடி கழுத்து வரைக்கும் ஏறியிருந்ததை, சாயங்காலம் அவள் தரை துடைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தார்கள்.